உறுப்பு வருமுன் ஆய்வுகூடம் வரட்டும்

பன்றியின் சிறுநீரகத்தை மனித உடல் ஏற்குமா என்ற கேள்விக்குக் கடந்த சில ஆண்டுகளில் பாதி விடை கிடைத்துவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் ஒருவருக்குப் பொருத்தப்பட்ட பன்றிச் சிறுநீரகம் 271 நாட்கள் வேலை செய்தது. சீன வைத்தியர்கள் ஈரலையும் நுரையீரலையும்கூடப் பொருத்திப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பன்றிச் சிறுநீரகத்தை முறைப்படி மனிதரில் பரிசோதிக்க 2025இல் அனுமதி கொடுத்திருக்கிறது. மிச்சப் பாதிக் கேள்வி பத்திரிகைத் தலைப்புகளுக்கு அதிகம் வருவதில்லை. அந்த உறுப்போடு சேர்ந்து எந்த வைரஸ் வருகிறது? எவ்வளவு வருகிறது? அதை யார், எங்கே, எத்தனை நாளில் அளந்து சொல்வது?

யாழ்ப்பாணத் தீவகத்தில் இருப்பவருக்கு இது எங்கோ நடக்கும் கதையாகத் தோன்றலாம். நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் குறிகட்டுவான் துறைக்கு வந்து சேரவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும். காற்றுக் கடுமையான நாட்களில் படகு ஓடுவதும் நிச்சயமில்லை. குடிக்க நல்ல தண்ணீருக்கே தவிக்கும் இடத்தில் பன்றி உறுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது கேட்டால் அதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சத்திரசிகிச்சை யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதைச் செய்துகொண்ட மனிதர் இங்கு வந்துவிடுவார். புங்குடுதீவிலும் வேலணையிலும் நயினாதீவிலும் பிறந்தவர்கள் இன்று கனடாவிலும் சுவிஸிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வாழ்கிறார்கள். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் அவர்களுடைய சிறுநீரகங்களையும் கெடுக்கின்றன. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் வரிசையில் அவர்களும் நிற்கிறார்கள். பன்றிச் சிறுநீரகம் வழக்கமான சிகிச்சையாகும் நாளில் அதைப் பெற்ற ஒருவர் ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வந்து, சொந்த வீட்டில் தங்கியிருக்கும்போது காய்ச்சலில் விழலாம். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் அவருடைய குருதியை எடுப்பவர் அதில் எதைத் தேடுவார்?

மேரிலாந்து சொன்ன பாடம்

2022 ஜனவரி 7ஆம் திகதி மேரிலாந்து பல்கலைக்கழக வைத்தியசாலையில் டேவிட் பென்னட் என்ற 57 வயதுக்காரருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. சத்திரசிகிச்சை நிபுணர் பார்ட்லி கிரிஃபித்தும், இத்துறையில் நீண்டகாலம் ஆய்வு செய்த முகம்மது முகைதீனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். இதயத்தைத் தந்த பன்றி ரெவிவிகோர் நிறுவனத்தில் வளர்ந்தது. அதன் மரபணுக்களில் 10 மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. பன்றியின் மூக்கில் சளி எடுத்துப் பிசிஆர் பரிசோதனை செய்தார்கள். பன்றி சைட்டோமெகலோ வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது.

பொருத்திய 20ஆம் நாள், குருதியில் மிதக்கும் நுண்ணுயிர்களின் டிஎன்ஏ துண்டுகளைப் படிக்கும் ஒரு சிறப்புப் பரிசோதனையில் அதே வைரஸின் மிகச் சிறிய தடயம் தெரிந்தது. அளவு மிகக் குறைவாக இருந்தபடியால் அது ஆய்வுகூடத் தவறாக இருக்கலாம் என்று வைத்தியர்கள் எண்ணினார்கள். அந்தப் பரிசோதனையின் முடிவு வர ஏறத்தாழ 10 நாட்கள் பிடித்தன. முடிவுக்குக் காத்திருந்த நாட்களிலும் வைரஸ் பெருகிக்கொண்டிருந்தது. மார்ச் 8ஆம் திகதி பென்னட் இறந்தார்.

2023இல் லான்செட் இதழில் வந்த அறிக்கை மரணத்துக்குக் காரணம் வைரஸ் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. நோயாளி ஏற்கெனவே மிகவும் தளர்ந்திருந்தார். கொடுத்த எதிர்ப்புப் பொருள் சிகிச்சையும் பன்றி இதயத்தைத் தாக்கியிருக்கலாம். மனித உயிரணுக்களில் அந்த வைரஸ் தொற்றியதற்குச் சான்றும் கிடைக்கவில்லை. ஆனால் பொருத்திய உறுப்பு கெட்டுப்போனதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியவில்லை.

இதில் மனம் வருந்தவேண்டிய விடயம், எச்சரிக்கை முன்னரே இருந்தது என்பதுதான். ஜெர்மனியின் மியூனிக் நகரில் புரூனோ ரைக்கார்ட் குழுவினர் பபூன் குரங்குகளுக்குப் பன்றி இதயம் பொருத்திய ஆய்வில், வைரஸ் இல்லாத இதயம் பெற்ற குரங்கு 195 நாட்கள்வரை வாழ்ந்தது. வைரஸ் இருந்த இதயம் பெற்றவை 30 நாட்களைத் தாண்டவில்லை. வைரஸியல் அறிஞர் ஜோவாகிம் டென்னரும் கூட்டாளிகளும் இதை 2020இல் வெளியிட்டார்கள். சிறுநீரகம் பொருத்திய குரங்குகளிலும் இதே போக்கை வேறொரு குழு 2014இலேயே காட்டியிருந்தது. வைரஸ் கெடுதல் செய்யும் என்று தெரிந்திருந்தது. அது இருக்கிறதா என்று தேடிய முறையில்தான் ஓட்டை விழுந்தது.

எங்கே, எப்போது, எப்படித் தேடுவது?

வலைக்கண் பெரிதென்றால் சூடை மீன் தப்பிப் போகும். வெறும் வலையைக் கரைக்கு இழுத்தவர் கடலில் சூடையே இல்லை என்று சொல்லமாட்டார். வைரஸ் பரிசோதனையிலும் கண் எவ்வளவு, வலை எங்கே போடப்பட்டது, எந்த நேரத்தில் என்ற மூன்றையும் கேட்காமல் முடிவை நம்பக்கூடாது.

பன்றி சைட்டோமெகலோ வைரஸ் ஒருமுறை உடலுக்குள் புகுந்தால் வாழ்நாள் முழுதும் ஒளிந்திருக்கக்கூடியது. குட்டிப் பருவத்தில் மூக்குவழியாக நிறைய வெளியேறும். வயது கூடியபின் உள்ளுறுப்புகளில் அடங்கிக் கிடக்கும். அப்போது மூக்கைத் துடைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒளிந்திருப்பதைப் பிடிக்கவேண்டுமானால் குருதியிலும் திசுவிலும் தேடவேண்டும். வைரஸுக்கு எதிராகப் பன்றியின் உடல் உருவாக்கிய எதிர்ப்புப் பொருள் உண்டா என்றும் பார்க்கவேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் இளங்குட்டியின் குருதியில் சில காலம் இருக்கும். ஆகவே ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வரமுடியாது. டென்னர் போன்றவர்கள் பல மாதிரிகளில், பல வயதில், பிசிஆரையும் எதிர்ப்புப் பொருள் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யவேண்டும் என்று சொல்லிவருவதன் காரணம் இதுதான்.

பெயரும் ஏமாற்றும். மனிதரைத் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸுக்குப் பெரிய வைத்தியசாலைகளில் பரிசோதனை உண்டு. அந்தப் பரிசோதனைக்குப் பன்றியின் வைரஸ் அகப்படாது. மரபணு வரிசையில் அது மனிதரின் ஹெர்பிஸ் 6, 7 வைரஸ்களுக்குத்தான் நெருங்கிய உறவு. விடயம் தெரியாத ஒரு ஆய்வுகூடம் மனித வைரஸுக்கான கருவித்தொகுதியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

உண்டா இல்லையா என்பதோடு எண்ணும் வேண்டும். ஒரு மில்லிலீற்றர் குருதியில் வைரஸின் எத்தனை பிரதிகள்? போன வாரம் எத்தனை, இந்த வாரம் எத்தனை? சிறிய எண் கூடிக்கொண்டே போனால் அது ஆபத்து. சற்றுப் பெரிய எண் அப்படியே நின்றால் பொறுத்துப் பார்க்கலாம். இந்த எண்ணும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறும். மனித சைட்டோமெகலோ வைரஸில் இந்தக் குழப்பம் முற்றியபின்தான் 2010இல் உலக சுகாதார அமைப்பு ஒரு பொது அளவுகோலை ஏற்றுக்கொண்டது.

இன்னொரு வகை வைரஸுக்கு இந்த முறைகளும் போதாது. பன்றியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் ரெட்ரோவைரஸ் அது. எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் பன்றியின் ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கும். ஆய்வுகூடத்தில் அது மனித உயிரணுவைத் தொற்றியதை 1997இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலகம் பயந்தது. 1999இல், பன்றியின் உயிருள்ள திசுவோடு ஏதோவொரு வகையில் தொடர்புபட்ட 160 நோயாளிகளை ஆராய்ந்தபோது ஒருவருக்கும் தொற்று இல்லை என்று தெரிந்தது. அவர்களில் 23 பேரின் குருதியில் பன்றி உயிரணுக்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன. உயிரணு இருந்தால் அதற்குள் வைரஸின் டிஎன்ஏயும் இருக்கும். அதைக் கண்டு தொற்று என்று அலறிவிடக்கூடாது. பன்றி உயிரணுவின் அளவையும் வைரஸின் அளவையும் பக்கத்தில் வைத்து, வைரஸ் மட்டும் தனியாகக் கூடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஈஜெனசிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பன்றிகளில் செய்த 69 மரபணு மாற்றங்களில் 59 இந்த வைரஸைச் செயலிழக்கச் செய்வதற்கானவை. அளப்பதன் சிரமத்தை இந்த எண்ணே சொல்லும்.

தீவு என்றால் பாதுகாப்பா?

இந்தக் கதையில் ஒரு தீவுக்கும் இடமுண்டு. நியூசிலாந்துக்குத் தெற்கே 400 கிலோமீற்றருக்கும் அப்பால் குளிர்கடலில் ஒக்லாந்து தீவு கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் அங்கே பன்றிகளை விட்டுப் போனார்கள். மனிதரும் வேறு பன்றிகளும் இல்லாத இடத்தில் அவை தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழ்ந்தன. 1999இல் அழியவிருந்த அந்த இனத்தில் 17 பன்றிகளை மீட்டு இன்வர்காகில் நகருக்குக் கொண்டுவந்தார்கள். பரிசோதித்தபோது பண்ணைப் பன்றிகளில் வழக்கமாகக் காணும் பல நோய்கள் அவற்றில் இல்லை. அவற்றின் கணைய உயிரணுக்கள் நீரிழிவு நோயாளரில் சோதிக்கப்பட்டன. அந்த இனம் மியூனிக் ஆய்வாளர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

இதைப் படிக்கும் எங்களுக்கு நெடுந்தீவுக் குதிரைகள் நினைவுக்கு வரும். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கொண்டுவந்து விட்டவை, அவர்கள் போனபின் காட்டுக்குதிரைகளாய்ப் பெருகின. ஆனால் நெடுந்தீவு ஒக்லாந்து தீவைப்போல ஒதுங்கிய இடமல்ல. நாள்தோறும் படகு வருகிறது. மாடும் ஆடும் கோழியும் மனிதரும் வருகிறார்கள், போகிறார்கள். கடல் சூழ்ந்திருப்பதாலேயே நோய் அண்டாது என்ற எண்ணத்தைக் கொரோனா காலத்திலேயே நாம் கைவிட்டிருக்கவேண்டும். ஒக்லாந்து பன்றிகளையும் யாரும் தீவில் வளர்ந்தவை என்பதற்காக நம்பிவிடவில்லை. ஒவ்வொரு வைரஸாகத் தேடிப் பார்த்தபின்தான் பயன்படுத்தினார்கள். இன்று அமெரிக்க நிறுவனங்கள் கோடிக்கணக்கான டொலர் செலவில் வடிகட்டிய காற்றும் கட்டுப்படுத்திய தீவனமுமாகப் பன்றி வளாகங்களைக் கட்டுவது, அந்தத் தீவின் தனிமையைச் சுவர்களுக்குள் உருவாக்கத்தான். அங்கும் பரிசோதனை நின்றபாடில்லை.

சோனாப்பூரில் நடந்தது

அளவுகோல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1997 ஜனவரியில் அசாம் மாநிலம் சோனாப்பூரில் வைத்தியர் தனிராம் பருவா 32 வயதான ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். நோயாளி 7 நாட்களில் இறந்தார். பருவா கைதாகிச் சிறைக்குப் போனார். 2022இல் மேரிலாந்துச் செய்தி வந்தபோது அவரை ஒரு முன்னோடியாக நினைவுகூர்ந்தவர்களும் உண்டு.

அவர் துணிந்தவரா, பொறுப்பற்றவரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. மரபணு மாற்றம் செய்யாத பன்றி. அதில் எந்த வைரஸ் இருந்தது என்று உலகம் ஏற்கக்கூடிய பதிவு இல்லை. அருகில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடும் இல்லை. அதே 1997இல் பன்றி ரெட்ரோவைரஸ் பற்றிய ஆய்வு வெளியானபின் அமெரிக்கா தன் நாட்டின் பன்றித் திசுப் பரிசோதனைகளையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மனித உறுப்புகளைப் பற்றியது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும் மனித இழையங்களைப் பற்றியதே. விலங்கு உறுப்பு என்று வரும்போது இரண்டு நாடுகளிலும் சட்டத்தின் பெயரே வாசலில் நின்றுவிடுகிறது.

2004இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் எடுத்தது. சுகாதார அதிகாரிகளின் மேற்பார்வையில் பயன்மிக்க தேசியக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் உள்ள இடத்தில் மட்டுமே விலங்கு உறுப்பு மாற்றை அனுமதியுங்கள் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டது. இலங்கையும் அந்தப் பேரவையின் உறுப்பினர். அமெரிக்காவின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டி, உறுப்பைப் பெற்றவரை வாழ்நாள் முழுதும் கண்காணிக்கவும், குருதி மாதிரிகளை 50 ஆண்டுகள் பாதுகாக்கவும், அவர் குருதிதானம் செய்யாதிருக்கவும் சொன்னது. வாழ்நாள் கண்காணிப்பு என்றால் அவர் ஊருக்கு வந்து நிற்கும் நாட்களும் அதற்குள் அடக்கம்.

இது பன்றிக்காக மட்டும் அல்ல

பன்றியிலிருந்து மனிதருக்கு நோய் வந்ததை இலங்கை முன்பே கண்டது. 1980களின் நடுவில் அனுராதபுரம் பக்கம் பரவிய ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு வயல்களுக்கு அருகே பெருகிய பன்றி வளர்ப்பும் ஒரு காரணம். நுளம்பு பன்றியில் குடித்து மனிதரைக் கடித்தது. 1988இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1998–99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பன்றிப் பண்ணைகளிலிருந்து மனிதருக்குப் பாய்ந்தபோது, அதையும் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். சரியான பெயர் தெரியவருமுன் உயிர்கள் போயின. 100க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையில் உறுதியானது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் வைரஸ் நாட்டுக்குள் நுழையக்கூடிய வழிகளை அது காட்டிக்கொடுத்தது.

பன்றியை விடுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் வந்து சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாகும்வரை மக்கள் தவித்ததை மறக்கமுடியாது. நோய்க்கு மருந்து கையில் இருந்தது. நோயின் பெயர்தான் கையில் இருக்கவில்லை.

அப்போது ஒரு வாதம் எழும்: இல்லாத பன்றிச் சிறுநீரகத்துக்காக இல்லாத பணத்தை ஏன் செலவழிக்கவேண்டும்? முதலில் டயாலிசிஸ் இயந்திரங்களைக் கூட்டுங்கள், தீவுகளுக்கு நன்னீர் கொடுங்கள். இந்த வாதத்தின் இரண்டாம் பகுதியோடு எனக்கு முழு உடன்பாடு. முதல் பகுதி கணக்கில் தவறுகிறது. மனிதச் சிறுநீரகம் பெற்றவர்கள் ஏற்கெனவே எங்களிடையே வாழ்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவர்கள் நாள்தோறும் விழுங்குகிறார்கள். மனித சைட்டோமெகலோ வைரஸும் பிகே வைரஸும் அவர்களுடைய புதிய சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. காலத்துக்குக் காலம் குருதியில் அவற்றின் அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். பன்றி வைரஸுக்கு வேண்டிய பிசிஆர் இயந்திரம், ஆழ்குளிர்ப் பெட்டி, பயிற்சி பெற்ற கை, எண்ணை வாசிக்கத் தெரிந்த வைத்தியர் ஆகிய அனைத்தும் அவர்களுக்கு இன்றைக்கே வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் அவைதான் வேண்டும். வைரஸுக்கு வைரஸ் மாறுவது வினைபொருள் மட்டுமே.

தொடக்கம் எங்களிடம் உண்டு. 2020இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் போதனா வைத்தியசாலையும் கொரோனாவுக்குப் பிசிஆர் செய்தன. சளி மாதிரி கொழும்புக்குப் போய்வரத் தேவையில்லாத நிலையை அந்த ஆண்டு கண்டோம். அந்தத் திறமையைப் பெருந்தொற்றோடு முடிந்த கதையாக விடக்கூடாது.

சிக்கல் இயந்திரத்தில் மட்டும் இல்லை. ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் நயினாதீவும் மாகாண சுகாதாரத்தின் கீழ் உள்ள வைத்தியசாலைகள். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். மருத்துவபீடம் பல்கலைக்கழகத்தின் கீழ். கால்நடை வைத்தியர்களோ வேறு திணைக்களம். அவர்களுடைய பெரிய ஆய்வுகூடம் கன்னொருவவில் இருக்கிறது. ஒரு குருதிக் குழாய் இத்தனை வாசல்களையும் தாண்டுவதற்குள் வைரஸ் எத்தனை தலைமுறை பெருகியிருக்கும் என்று மேரிலாந்தின் 10 நாட்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே கோரிக்கைகள் நான்கு. முதலாவது, தீவக வைத்தியசாலைகளில் எடுக்கும் மாதிரி குளிர் கெடாமல் படகிலும் பாதையிலும் போய்ச்சேர ஒரு நிரந்தர ஏற்பாடும், மூன்று நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்ற கட்டாயமும். இரண்டாவது, உறுப்பு மாற்றுச் செய்துகொண்ட ஒவ்வொருவரையும், மனித உறுப்பென்றாலும் விலங்கு உறுப்பென்றாலும், காய்ச்சலோடு வந்தவுடன் அடையாளம் காண ஒரு கேள்வியை அனுமதிப் படிவத்தில் சேர்ப்பது. மூன்றாவது, மனித ஆய்வுகூடமும் கால்நடை ஆய்வுகூடமும் மாதிரியையும் முடிவையும் நேரடியாகப் பரிமாறிக்கொள்ள எழுத்திலான உடன்பாடு. நான்காவது, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை விலங்கு உறுப்புக்கும் விரித்து, கண்காணிப்பு வசதி நிரூபிக்கப்படாத எந்த வைத்தியசாலையும் அதில் கைவைக்க முடியாது என்று எழுதுவது. நான்காவது இல்லாவிட்டால் சோனாப்பூர் நாளை கொழும்பிலும் நடக்கலாம்.

பன்றி உறுப்பைச் சைவரும் இஸ்லாமியரும் ஏற்பார்களா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். டயாலிசிஸில் குருதி உறையாதிருக்க உலகெங்கும் பயன்படும் ஹெப்பரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மருந்தாக்கும்போது அதில் உயிருள்ள ஒன்றும் மிஞ்சாதபடி சுத்திகரித்துவிடுகிறார்கள். உயிருள்ள உறுப்பை அப்படிச் சுத்திகரிக்க முடியாது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்த, உறுப்புக்குள் என்ன இருக்கிறது என்று நம்பகமான ஒருவர் எண்ணோடு சொல்லவேண்டும்.

இந்த ஏற்பாடுகள் நடந்தால், பன்றிச் சிறுநீரகம் வேண்டுமா என்ற விவாதத்துக்குள் எங்கள் சொந்தத் தரவுகளோடு இறங்கலாம். நடக்காவிட்டால், வேறு நாட்டு ஆய்வுகூடம் எழுதித் தரும் முடிவைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் நாடாகவே இருப்போம். வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் மருத்துவபீடமும் ஒரே மேசையில் அமர்ந்து முதல் இரண்டு கோரிக்கைகளைத் தீர்க்கப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை. அவற்றை இந்த ஆண்டே தொடங்கலாம்.